பகைமொழியில் எழுதியவர்: அகோதா கிறிஸ்டோஃப்

1956 நவம்பரில் சோவியத் படைகள் ஹங்கேரியக் கிளர்ச்சியை ஒடுக்கியபின், இரவில் எல்லை கடந்து ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது அகோதா கிறிஸ்டோஃபுக்கு வயது 21. கணவரும் நான்கு மாதப் பெண் குழந்தையும் உடனிருந்தனர். அவர் சுமந்த இரு பைகளுள் ஒன்றில் குழந்தைக்கு வேண்டியவை, மற்றொன்றில் அகராதிகள். எழுதிய கவிதைகள் ஊரிலேயே தங்கிவிட்டன.

புலம்பெயர்ந்த எழுத்தாளர் ஏற்றுக்கொண்ட மொழியை விடுதலையின் மொழியாகப் போற்றுவது ஆய்வுலகில் ஒரு வழக்கமாகிவிட்டது. அதற்குச் சான்றாக நபக்கோவ் காட்டப்படுகிறார். ஆனால் செல்வக் குடும்பத்தில் பிறந்த நபக்கோவ் ருஷ்ய மொழிக்கு முன்பே ஆங்கிலம் வாசிக்கக் கற்றவர். கிறிஸ்டோஃபின் கதை வேறு. சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சு பேசும் நியூஷாட்டல் பகுதியில் அவரைக் குடியமர்த்தியது அகதி நிர்வாகம். பிரெஞ்சு மொழி அவர் தேர்ந்தது அன்று, வாய்த்தது.

அங்கே ஐந்தாண்டுகள் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. பேச்சுக்கு இடமில்லை, ஆனால் இயந்திரத்தின் ஒரே சீரான ஓசை கவிதைக்கு உகந்ததாக இருந்தது. மனத்தில் அமைந்த ஹங்கேரிய வரிகளை வேலைக்கிடையே தாளில் குறித்து, இரவில் குறிப்பேட்டில் படியெடுத்தார். நான்கு வயதிலேயே வாசிக்கக் கற்ற அவர், இப்போது பிரெஞ்சு பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாதவராக இருந்தார். பின்னாளில் தம் வாழ்க்கைக் குறிப்புகளுக்கு ‘எழுத்தறிவற்றவள்’ என்று பெயரிட்டது வெறும் அணியன்று. ஜெர்மன், ருஷ்ய மொழிகளோடு பிரெஞ்சையும் அவர் பகைமொழி என்றே அந்நூலில் குறிக்கிறார். தாய்மொழியை அது தமக்குள் கொன்றுவருகிறது என்பதே காரணம்.

1986இல் வெளிவந்த ‘பெரிய குறிப்பேடு’ நாவலின் வறண்ட, குறுகிய வாக்கியங்களை விமர்சகர்கள் அழகியல் சிக்கனமாக வாசிப்பதுண்டு. அது பாதி உண்மையே. அதில் வரும் இரட்டைச் சிறுவர்கள் உணர்வைக் குறிக்கும் சொற்களை விலக்கி, கண்டதையும் கேட்டதையும் செய்ததையும் மட்டும் எழுதுவதென விதி வகுத்துக்கொள்கின்றனர். ஒரு மொழியை வயதுவந்தபின் அகராதி கொண்டு கற்றவரின் எச்சரிக்கை அந்த விதியில் இருக்கிறது. உணர்வுச் சொற்களின் நிழல்களை அயலார் எளிதில் நம்பமுடியாது. பொருட்பெயரும் வினையும் ஏமாற்றுவது குறைவு.

2011இல் ஹங்கேரிய அரசு அவருக்குக் கொசூத் விருது அளித்தது. சில மாதங்களில் நியூஷாட்டலில் அவர் இறந்தார். அதற்குள் அவருடைய நாவல்கள் ஹங்கேரிய மொழிக்கும் வந்திருந்தன, பிறர் செய்த மொழிபெயர்ப்பாக.