எலுமிச்சை மின்கலமும் ‘நேர்மின்வாய்’ என்னும் சொல்லும்

எலுமிச்சம்பழத்தில் செப்புக் கம்பி ஒன்றையும் துத்தநாகம் பூசிய ஆணி ஒன்றையும் செருகினால் ஏறத்தாழ 0.9 வோல்ட் கிடைக்கிறது. மூன்று நான்கு பழங்களைத் தொடராக இணைத்தால் சிவப்பு எல்இடி மங்கலாக ஒளிர்கிறது. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மாணவர் பலரும் பழத்தையே சுட்டுவர். அவர்களைக் குறைகூற இயலாது. ‘எலுமிச்சை மின்கலம்’ என்னும் பெயரே அவ்விடையைத் தந்துவிடுகிறது. இத்துறையின் வரலாறு நெடுகிலும் பெயர்கள் இவ்வாறே கருத்துகளைச் சுமந்து வந்துள்ளன.

1791இல் கால்வானி, தவளைக்காலின் துடிப்புக்கு ‘விலங்கு மின்சாரம்’ காரணம் என்றார். வோல்டா அதை மறுத்து, இரு வேறு உலோகங்களின் தொடுகையே காரணம் என்றார். வெள்ளி, துத்தநாக வில்லைகளுக்கிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து அடுக்கிய தம் கருவியை 1800 மார்ச் 20ஆம் நாளிட்ட கடிதத்தில் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அறிவித்தார். கருவி வென்றது, விளக்கம் நிலைக்கவில்லை. உப்புநீரை அவர் வெறும் கடத்தியாகவே கருதினார். உண்மையில், துத்தநாகம் கரையும் வேதிவினையே மின்னாற்றலின் ஊற்று. பழச்சாற்றின் அமிலம் அவ்வினையில் பங்கேற்கிறது. ஆயினும் ஆணியின் துத்தநாகம் தீர்ந்தபின் பழம் எஞ்சியிருந்தும் பயனில்லை.

தொடுகைக் கொள்கைக்கும் வேதிக் கொள்கைக்கும் இடையிலான வாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது. அச்சூழலில், 1834இல் ஃபாரடே சொற்களையே மாற்றினார். ‘துருவம்’ என்றால் ஈர்ப்பு என்னும் பொருள் தொக்கி நிற்கிறது எனக் கருதி, அறிஞர் ஹியூவெல்லின் துணையுடன் ‘எலக்ட்ரோடு’, ‘ஆனோடு’, ‘கேத்தோடு’ ஆகியவற்றை ஏற்றார். கிரேக்கத்தில் ‘ஹோடோஸ்’ என்பது வழி. ஆனோடு ஏறுவழி, கேத்தோடு இறங்குவழி. ஞாயிறு எழுவதும் மறைவதும் அவற்றின் உவமை. மின்னோட்டத்தின் திசையைச் சொல்லும் அப்பெயர்களில் நேர், எதிர் என்னும் குறியே இல்லை.

நம் மொழிகளோ அக்குறியைச் சேர்த்துக்கொண்டன. ஆனோடு தமிழில் ‘நேர்மின்வாய்’ ஆயிற்று. இந்தியில் ‘தனாக்ர’, அதாவது நேர்முனை. மின்னாற்பகுப்பில் இது பொருந்துகிறது. மின்கலத்திலோ ஆக்சிஜனேற்றம் அடையும் துத்தநாகமே ஆனோடு; ஆனால் அது எதிர்முனை. ஆகவே மாணவர் ‘நேர்மின்வாய்’ என்று எழுதி அதனருகே கழித்தல் குறி இடவேண்டியுள்ளது. தேர்வில் இங்கே தடுமாறுபவரின் அறியாமையாக நாம் எண்ணுவதில் பெரும்பகுதி கலைச்சொல்லின் குறை.

‘மின்வாய்’ நல்ல ஆக்கம். ‘வாய்’ என்பதற்கு வழி என்னும் பொருளும் உண்டாதலால், ‘முனை’யைவிட அது ஃபாரடேயின் கருத்துக்கு நெருக்கமானது. குறை, முன்னொட்டில் மட்டுமே. ‘ஆக்சிஜனேற்ற மின்வாய்’, ‘ஒடுக்க மின்வாய்’ என்று வகுப்பில் வழங்கினால் இரு கலங்களுக்கும் அவை பொருந்தும். அதற்குமுன், சில நாள் இயங்கிய கலத்திலிருந்து ஆணியை உருவி, எது கரைந்தது என்று மாணவரையே பார்க்கச் சொல்லலாம். பொருளைக் கண்டபின் வரும் பெயர் வழிதவறச் செய்வது அரிது.