உடலுணர்வும் நெருக்கீடும்: ஒரு தியானமுறையின் சமூக வரலாறு

மன நெருக்கீட்டைத் தணிப்பதற்கென வைத்தியசாலைகளிலும் தொழில் நிறுவனங்களிலும் இன்று பயிற்றப்படும் உடலுணர்வுத் தியானங்கள், காலங்கடந்த கீழைத்தேய ஞானமெனவே பெரிதும் போற்றப்படுகின்றன. ஆயின் அவற்றின் தற்கால வடிவம் குறிப்பிட்டதொரு வரலாற்றுச் சூழலில் உருவானதென்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

மூச்சையும் உடலின் நிலைகளையும் அவதானித்தல் பாளி மொழியிலமைந்த சதிபட்டான சூத்திரத்திலேயே விதந்து கூறப்பட்டுள்ளது. எனினும் நெடுங்காலம் அது துறவியர்க்குரியதாகவே பெரும்பாலும் கருதப்பட்டது. 1885இல் பிரித்தானியர் மண்டலேயைக் கைப்பற்றித் தீபோ மன்னனை இந்தியாவுக்கு நாடுகடத்தினர். பர்மியச் சங்கம் அரச ஆதரவை இழந்தது. சமயத்தைக் காக்கும் பொறுப்பு பொதுமக்களையும் சார்ந்தது. லெடி சயாடோ (1846–1923) எளிய பர்மிய மொழியில் நூல்களெழுதி, இல்லறத்தார்க்கும் தியானத்தைக் கற்பித்தமை இப்பின்னணியிலேயே விளக்கம் பெறுகின்றது.

அவரது சீடர் பரம்பரையில் வந்த ஊ பா கின், சுதந்திர பர்மாவின் கணக்காளர் நாயகமாக விளங்கியவர். தம் அலுவலக ஊழியர்க்கும் பயிற்சியளித்த அவர், 1952இல் இரங்கூனில் சர்வதேசத் தியான நிலையத்தை நிறுவினார். உடலெங்கும் கவனத்தைச் செலுத்தி உணர்வுகளை நோக்குதல் அவர் முறையின் சிறப்பியல்பாகும். ஒற்றைத்தலைவலியால் வருந்திய கைத்தொழிலதிபர் கோயங்கா 1955இல் அவரை நாடியபோது, நோய் நீக்கத்துக்காகத் தியானத்தைப் பயிற்ற அவர் முதலில் மறுத்ததாகக் கோயங்காவே கூறியுள்ளார்.

இம்மறுப்பு நீடிக்கவில்லை. மகாசி சயாடோவிடம் பயின்ற ஞானபோனிக தேரர் எழுதி 1954இல் கொழும்பில் வெளிவந்த ஆங்கில நூல், சதிபட்டானப் பயிற்சியை மேலைநாட்டு வாசகரிடம் கொண்டு சென்றது. 1979இல் ஜோன் கபாற்-சின் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில், சமயச் சொற்களை விலக்கி, நாட்பட்ட நோவுடையோர்க்கு இத்தகைய பயிற்சிகளை அளிக்கலானார். படுத்தவாறே காலிலிருந்து தலைவரை உடலுறுப்புகளை உணர்தல் அவற்றுள் முதன்மையானது.

நோவுற்றோர்க்கு இவை ஆறுதலளித்தமையை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் தொழில் நிறுவனங்கள் இவற்றைக் கைக்கொள்ளும்போது, நீண்ட வேலைநேரம், போதாத ஊதியம், தொழிற் பாதுகாப்பின்மை ஆகியவற்றால் விளையும் நெருக்கீடு, உழைப்பாளியின் தனிப்பட்ட குறைபாடாகத் தோற்றமளிக்கின்றது. அந்நியராட்சியில் ஒரு சமூகம் தன்னைக் காக்க மேற்கொண்ட பயிற்சி, தனிமனிதனைச் சூழ்நிலைக்கு இயைவிக்கும் கருவியாகச் சுருங்குகின்றது. எனவே பயிற்சியின் பயனை ஏற்கும் அதேவேளை, நெருக்கீட்டின் சமூக வேர்களைக் களையும் பணிக்கு அது பதிலீடாகாது என்பதே எமது முடிபாகும்.