அசையாப் படமும் அசையும் பனியும்

நாம் வாழும் நாடுகளில் நடக்கும் நினைவு நிகழ்வுகளில் ஒரு வழக்கம் நிலைபெற்றுவிட்டது. மண்டபத்தின் முன்திரையில் இறந்தவரின் நிழற்படம் தோன்றும். படம் அசையாது. அதன் மேல் மேகம் நகரும், மழை தூறும், மெழுகுவர்த்தி எரியும், சிலவேளை பூவிதழ்கள் உதிரும். கலியாண வீடியோக்களிலும் இதே வேலை வேறு நிறத்தில் நடக்கிறது. இது கணனி தந்த புதுமை என்றே பலரும் எண்ணுகின்றனர். அப்படியல்ல. அசையாத படத்தின் மேல் அசையும் ஒன்றைப் படியவைத்துச் சூழலை உண்டாக்கும் வித்தை, சினிமா பிறப்பதற்கு முன்பே ஐரோப்பாவில் ஒரு தொழிலாக இருந்தது. அதன் வரலாற்றை அறிவது எமக்கு வெறும் பொது அறிவு அல்ல. ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊர் பெரும்பாலும் நிழற்படமாகவே மிஞ்சியிருக்கிறது. அந்தப் படங்களின் மேல் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பது எமது கேள்வி.

1659 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்து நாட்டு அறிஞர் கிறிஸ்ரியான் ஹைகன்ஸ் மாய விளக்கை உருவாக்கினார். கண்ணாடியில் வரைந்த படத்தை விளக்கொளியும் வில்லையும் கொண்டு சுவரில் பெரிதாக்கிக் காட்டும் கருவி அது. அவ்வாண்டில் அவர் வரைந்த சிறு படங்களில் ஓர் எலும்புக்கூடு தன் தலையைத் தானே கழற்றி எடுக்கிறது. விளக்கு பிறந்தபோதே, அதில் விழும் படம் அசைய வேண்டும் என்ற ஆசையும் கூடப் பிறந்துவிட்டது.

அந்த ஆசையை வியாபாரமாக்கியவர்களில் பேர்பெற்றவர் லியேஜ் நகரில் பிறந்த எற்றியன் கஸ்பார் றொபேர். றொபேர்ட்சன் என்ற பெயரில் 1798 இல் பாரிசில் ஆவிக் காட்சிகளைத் தொடங்கினார். மறு ஆண்டு, கைவிடப்பட்ட ஒரு கப்புச்சின் மடத்துக்கு அதைக் கொண்டுபோனார். புரட்சியின் கொலைக்களம் பாரிஸ் மக்களின் நினைவில் இன்னும் ஈரமாக இருந்த காலம் அது. இறந்தவர்கள் இருட்டில் மிதந்து வந்தார்கள். சிலவேளை புகையின் மேல் தோன்றினார்கள். அவர் செய்த ஒரு காரியம் எமக்கு முக்கியமானது. கண்ணாடித் தகட்டில் உருவத்தைச் சுற்றியிருந்த வெளி முழுவதையும் கறுப்பாக்கினார். கறுப்பு ஒளியை விடாது. ஆகவே திரையில் சட்டம் தெரியாமல் உருவம் மட்டும் தெரிந்தது. இன்று வரை இந்த வித்தையின் அடிப்படை இந்தக் கறுப்புத்தான்.

1822 இல் பாரிசில் லூயி டகேர் தன் டயோராமா அரங்கைத் திறந்தார். ஒளி ஊடுருவும் பெருந்துணியில் தீட்டிய ஓவியத்தின் முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒளியை மாற்றி மாற்றி விடுவார். பகல் மங்கி இரவாகும். ஆளில்லாத தேவாலயத்தில் நள்ளிரவுப் பூசைக்குச் சனம் வந்து நிறையும். அந்த அரங்கு 1839 மார்ச்சில் எரிந்துபோனது. அதே ஆண்டில்தான் டகேரின் நிழற்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அசையாப் படத்துக்குப் பொழுதைப் பூசிக் காட்டிய அதே மனிதரே, பொழுதை ஒரு தகட்டில் நிறுத்திவைக்கும் முறையையும் தந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

இனி பனிக்கு வருவோம். 19 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஒரு காட்சி கரைந்து இன்னொரு காட்சியாகும் விளக்குப் படங்கள் பெரும் வரவேற்பைப் பெற்றன. இக்கலையை வளர்த்தவர்களில் ஹென்றி லங்டன் சைல்ட் முக்கியமானவர். 1838 இல் லண்டன் றீஜன்ற் வீதியில் திறக்கப்பட்ட றோயல் பொலிரெக்னிக் நிறுவனம் இதன் தலைவாசலாக விளங்கியது. மிகவும் விரும்பப்பட்ட காட்சிகளில் ஒன்று நீராலை. முதலில் கோடைகாலத்து ஆலை. அது மெல்லக் கரைந்து, அதே ஆலை பனி மூடிய கூரையோடு வரும். பிறகு பனி பெய்யத் தொடங்கும்.

பெய்யவைத்த முறை எளியது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விளக்குகள் ஒரே திரையை நோக்கி நிற்கும். கோடைப் படம் மறைந்ததும் அந்த விளக்குக்கு வேலை இல்லை. அதற்குள் ஒளி புகாத நீண்ட நாடா ஒன்றை வைப்பார்கள். நாடா முழுவதும் ஊசியால் குத்திய சிறு துளைகள். அது இரண்டு உருளைகளுக்கிடையில் சுற்றப்பட்டிருக்கும். கைபிடியைச் சுற்ற நாடா நகரும். வில்லை படத்தைத் தலைகீழாகத் திருப்பும் ஆதலால் நாடாவை மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். அப்போதுதான் திரையில் பனி கீழ்நோக்கி விழும். 1850 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் லங்கன்ஹைம் சகோதரர்கள் கண்ணாடியில் பதித்த நிழற்படங்களுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, வரைந்த ஆலையின் இடத்துக்கு உண்மையான ஊர்களின் நிழற்படங்களும் வந்தன.

ஒன்றைக் கவனியுங்கள். ஆலை ஒரு குறிப்பிட்ட ஆலை. தெரு ஒரு குறிப்பிட்ட தெரு. ஆனால் பனிக்கு ஊர் இல்லை. விளக்குக்காரர் ஒரே பனி நாடாவை எந்த ஊர்ப் படத்தின் மேலும் சுற்றலாம். இன்று கடையில் வாங்கும் மேகத்துக்கும் மழைக்கும் நெருப்புக்கும் இதே குணந்தான்.

சினிமா வந்தபோது வித்தையின் இடம் மாறியது, அடிப்படை மாறவில்லை. 1895 டிசெம்பர் 28 ஆம் திகதி பாரிஸ் காட்சியைப் பற்றி ஜோர்ஜ் மெலியெஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். முதலில் திரையில் விழுந்தது அசையாத ஒரு தெருப்படம். இதற்காகவா எம்மை அழைத்தார்கள் என்று அவர் அலுத்துக்கொள்ளும்போதே அது அசையத் தொடங்கியதாம். அதே மெலியெஸ் 1898 இல், கறுப்புப் பின்னணியின் முன் ஒரே பிலிமைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து, தன் தலையையே நான்காக்கிக் காட்டினார். கறுப்பு பட்ட இடத்தில் பிலிமில் எதுவும் பதியாது. அந்த இடம் அடுத்த பதிவுக்குக் காலியாகக் காத்திருக்கும். 1907 இல் அமெரிக்கரான நோர்மன் டோன், கலிபோர்னியாவின் இடிந்த மடாலயங்களைப் படமெடுத்தபோது, கமராவுக்கு முன் கண்ணாடியை நிறுத்தி, இல்லாத கூரைகளை அதில் வரைந்தார். படத்தில் மடாலயங்கள் முழுமையாக நின்றன. இடிந்தது இடியாதது போலக் காட்சியளித்தது. வசீகரமும் ஆபத்தும் ஒரே கண்ணாடியில் வந்துவிட்டன.

இவ்வித்தையை வேண்டாமென்று வைத்தவர்களும் உண்டு. கனடிய தேசிய திரைப்படச் சபைக்காகக் கொலின் லோவும் வூல்ஃப் கோனிக்கும் 1957 இல் எடுத்த 'சிற்றி ஒஃப் கோல்ட்' தங்க வேட்டைக் காலத்து டோசன் நகரின் பழைய நிழற்படங்களால் ஆனது. அவர்கள் அப்படங்களின் மேல் பனியைக் கொட்டவில்லை. படம் அசையாமல் இருக்க, கமரா அதன் மேல் மெல்ல நகர்ந்தது. அந்த நகரில் வளர்ந்த பியர் பேர்ட்டன் தன் குரலில் கதை சொன்னார். கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' 1962 இல் வந்தது. 28 நிமிடங்கள், ஏறக்குறைய முழுவதும் அசையாப் படங்கள். ஓரிடத்தில் மட்டும் படுத்திருக்கும் ஒரு பெண் கண்ணைத் திறக்கிறாள். இந்தச் சிறு அசைவு அவ்வளவு பெறுமதி பெறுவது, மற்றவை எல்லாம் அசையாமல் இருந்ததால்தான்.

1990 களில் வேலை ஸ்ரூடியோக்களிலிருந்து வீட்டு மேசைக்கு வந்தது. கணனியில் நடப்பது இதுதான்: கறுப்புப் பின்னணியில் எடுத்த பனியை, புகையை, நெருப்பை நிழற்படத்தின் மேல் ஒளியாகக் கூட்டுகிறோம். கறுப்பைக் கூட்டினால் கூடுவது பூச்சியம். ஆகவே அடியிலுள்ள படம் அப்படியே தெரியும். நிழலையோ பறக்கும் காகத்தையோ வைக்க இதற்கு எதிரான கணக்கு வேண்டும். வெள்ளைப் பின்னணியில் எடுத்து ஒளியைக் குறைக்க வேண்டும். வீட்டுக்கு முன்னால் மட்டும் பெய்யும் மழை திரையில் ஒட்டிய மழையாகவே தெரியும். வீட்டையும் மரத்தையும் ஆளையும் தனித்தனியே வெட்டி, இடையிடையே மழையை விட்டால் படத்துக்கு ஆழம் வரும். உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்து நகர்த்தும் இந்த முறை 2002 இல் வெளிவந்த 'த கிட் ஸ்ரேய்ஸ் இன் த பிக்சர்' என்ற ஆவணப்படத்துக்குப் பின் எங்கும் பரவியது. 2021 இல் பழைய படத்திலுள்ள முகத்தையே கண்சிமிட்டிச் சிரிக்கவைக்கும் இணையச் சேவை வந்தது. இப்போது மேலே வைக்கப்படுவது பனியல்ல. வேறொருவரின் முக அசைவு.

வரலாறு இவ்வளவு. இதில் எமது பங்கு என்ன?

இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் அல்பத்தை எடுத்துப் பாருங்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய சனம் கையில் எடுக்க முடிந்தது கொஞ்சம். வன்னியின் இறுதிக் காலத்தைக் கடந்தவர்களுக்கு அதுவும் மிஞ்சவில்லை. ஒரு பள்ளிக்கூடப் படம், ஓர் அடையாள அட்டைப் படம், யாரோ அனுப்பிவைத்த கலியாணப் படம் என்பவைதான் பலரிடம் உள்ளன. அந்த ஒற்றைப் படத்தின் மேல் மழை தூறும்போது எமக்குள் ஏதோ நடக்கிறது என்பதை மறுக்க முடியாது. அசையாத படத்தில் நேரம் நின்றுவிட்டது. மழை அதற்கு நேரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. முற்றத்தில் இன்னும் மாரி பெய்வதாக ஒரு கணம் நம்புகிறோம். பாரிஸ் மடத்தில் றொபேர்ட்சனைப் பார்க்கப் போனவர்களுக்கும் இந்தத் தேவை இருந்திருக்கும். இது கேலிக்குரியதல்ல.

ஆனால் எல்லாப் படமும் ஞாபகப் படம் அல்ல. சில படங்கள் சாட்சி. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 யூன் தொடக்கத்தில் எரிக்கப்பட்டது. கரிந்த சுவர்களோடு நிற்கும் அதன் நிழற்படம், எரிந்து முடிந்த பின் எடுக்கப்பட்டது. அதன் மேல் எங்கோ ஒரு ஸ்ரூடியோவில் கறுப்புத் துணியின் முன் எரிந்த நெருப்பை வைத்தால் பார்ப்பவர் கண் கலங்குவார். ஆனால் இருபது வருடம் கழித்து எமது பேரப்பிள்ளை ஒன்று அதை உண்மையான தீ என்று எடுத்துக்காட்டும். நெருப்பு ஒட்டியது என்று அடுத்தவர் நிரூபிப்பார். நெருப்புப் பொய்யானால் சுவரும் பொய்யோ என்ற சந்தேகம் வரும். மறுப்பதற்கு ஆட்கள் காத்திருக்கும் ஒரு வரலாற்றுக்கு, அலங்காரம் அதிக விலை கேட்கும்.

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். தாய்மார் கையில் நிழற்படங்களோடு தெருவோரம் இருந்தார்கள். அந்தப் படங்களின் மேல் மேகமும் இல்லை, மழையும் இல்லை. படத்திலுள்ள பிள்ளையின் வயது கூடவில்லை. பிடித்திருக்கும் தாயின் வயது கூடியது. சில தாய்மார் பதில் கிடைக்காமலே இறந்தும் போனார்கள். அந்தப் படங்களைக் கண்சிமிட்டவைக்க எமக்கு உரிமை உண்டா? பிள்ளை எங்கே என்று கேட்கும் படத்தை, பிள்ளை இதோ சிரிக்கிறது என்று சொல்லும் படமாக மாற்றினால், கேள்வி கேட்டவரின் வாயை நாமே பொத்தியவர்களாவோம்.

ஆகவே இந்த வித்தையை நாம் வெறுக்க வேண்டியதில்லை. அதற்கு எல்லை போடத் தெரிந்தால் போதும். முதலில், மூலப்படத்தை எதுவும் படியாமல் பிரதி எடுத்துத் தனியே வைக்க வேண்டும். எடுத்த இடம், ஆண்டு, யாரிடமிருந்து வந்தது என்பவற்றை அதனோடு எழுதிவைக்க வேண்டும். மேலே வைத்தது பின்னர் சேர்த்தது என்பதைத் திரையிலேயே ஒரு வரியில் சொல்ல வேண்டும். அப்பாவின் படத்தின் மேல் மழை பெய்யட்டும். அது பிள்ளைகளின் அன்பு. எரிந்த சுவரின் மேலும் காணாமற்போனவரின் முகத்தின் மேலும் எதுவும் வேண்டாம். நீராலையின் மேல் பனியைப் பெய்யவைத்த விளக்குக்காரருக்குக் காட்சி முடிந்ததும் நாடாவைக் கழற்றி வைத்துவிட முடிந்தது. ஆலையின் கண்ணாடித் தகட்டில் ஒரு துளியும் ஒட்டவில்லை. எமது படங்களிலும் அப்படிக் கழற்றக்கூடியதாகவே அது இருக்க வேண்டும்.