மெத்தடோன் எடுப்பவருக்கு வேலை இல்லை

நியூயார்க்கின் சுரங்க ரயிலையும் பேருந்துகளையும் நடத்தும் போக்குவரத்து ஆணையத்தில் 1970களில் சுமார் 47,000 பேர் வேலை பார்த்தார்கள். அங்கே ஒரு விதி இருந்தது: மெத்தடோன் எடுப்பவருக்கு வேலை கிடையாது. மெத்தடோன் என்பது ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள மருத்துவர் கொடுக்கும் மருந்து. ரயில் ஓட்டுபவருக்கு மட்டும் அல்ல, பெருக்குபவருக்கும் எழுத்தருக்கும் அதே விதிதான். எத்தனை வருடம் ஒழுங்காகச் சிகிச்சை எடுத்திருந்தாலும் கணக்கில் வராது.

நால்வர் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ஓராண்டு சிகிச்சையில் நிலைத்தவர்களில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே வேலை செய்யக்கூடியவர்கள் என்றது. ஆணையத்தில் போதைச் சந்தேகத்தில் மருத்துவரிடம் அனுப்பப்பட்ட ஊழியர்களில் 81 விழுக்காட்டினர் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும். நகரின் அரசு மெத்தடோன் திட்டங்களில் இருந்தவர்களிலும் 60 விழுக்காட்டுக்கு மேல் அவர்கள்தான்.

1979இல் உச்ச நீதிமன்றம் இதைக் கவிழ்த்தது. விதி எல்லோருக்கும் பொது, காரணம் பாதுகாப்பு, இனப் பாகுபாட்டைக் காட்ட இந்தப் புள்ளிவிவரம் போதாது என்றது. 'எல்லோருக்கும் பொது' என்ற சொல்லை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம், தோழர்களே! நீதிபதி ஒயிட் மாறுபட்டார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல் அவருடன் சேர்ந்துகொண்டார். ஹெராயின் ஏழைகளின் பிரச்சினை, சிக்கியவர்களில் பெரும்பாலோர் அரசியல் பலமற்ற சிறுபான்மையினர் என்று ஒயிட் எழுதினார். பீசர் வழக்கைப் படிப்பவர்கள் அந்த அடிக்குறிப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

பிறகு ரீகன் காலம். 1986இல் அரசு ஊழியருக்குப் போதைப் பரிசோதனை, 1988இல் அரசு ஒப்பந்ததாரர்களுக்குப் 'போதையற்ற பணியிடச் சட்டம்'. 1990இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஒரு கோடு கிழித்தது: இப்போது சட்டவிரோதப் போதைப்பொருள் எடுப்பவருக்குப் பாதுகாப்பு இல்லை, அதை விட்டு மீண்டவருக்கும், விட்டுவிட்டுச் சிகிச்சையில் இருப்பவருக்கும் உண்டு. மெத்தடோன்காரருக்கு 11 வருடம் கழித்துக் கதவு திறந்தது. குடிநோயாளியும் அதில் மாற்றுத்திறனாளி ஆகலாம். ஆனால் வேலையில் குடிக்கக் கூடாது என்று முதலாளி சொல்லலாம்.

இந்தியாவில் 2017 மனநலச் சட்டம் குடி, போதை சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்று ஏற்கிறது. 2016 மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின் மனநோய் வரையறையில் அந்த வார்த்தைகள் இல்லை. மலக்குழி நாற்றத்தைத் தாங்கக் குடித்த தொழிலாளி மருத்துவமனையில் நோயாளி. வேலையிடத்தில் அவருக்குப் பெயர் வேறு.