கூன் பள்ளத்தாக்கில் மண் அரிப்புத் தடுப்பு

கூன் பள்ளத்தாக்கு, ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றில் கலக்கும் கூன் ஓடையின் இருபுறமும் அமைந்துள்ளது. (பெயரிலுள்ள கூன் தமிழ்ச் சொல்லன்று.) ஓர் ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் ஒன்றாகக் கொண்டு மண் அரிப்பைத் தடுக்கும் திட்டம் அந்நாட்டில் முதன்முதலாக 1933-இல் இங்கு தொடங்கப்பட்டது. அமெரிக்க மண் பாதுகாப்பு வரலாறு என்றாலே 1935-ஆம் ஆண்டின் புழுதிப் புயல்களையே பலரும் குறிப்பிடுவர். இந்தத் திட்டம் அவற்றுக்கு முற்பட்டது. இங்கு மண்ணைக் கொண்டுபோனது காற்றன்று, மழைநீர்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நார்வே முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் இங்கு முதலில் கோதுமை பயிரிட்டனர். பின்னர் பால்மாடு வளர்ப்புக்கு மாறினர். வயல்கள் சதுரமாக அளக்கப்பட்டிருந்ததால், சரிவையும் பொருட்படுத்தாமல் வேலியோரமாக நேர்கோட்டில் உழுதனர். மேலிருந்து கீழாக ஓடிய உழவுசால் ஒவ்வொன்றும் மழைக்காலத்தில் வாய்க்காலாயிற்று. செங்குத்தான காட்டுச் சரிவுகளில் மாடுகள் மேய்ந்ததால் அங்கும் நிலம் வெறுமையாகி, நீரை உறிஞ்சும் தன்மை குன்றியது. மேட்டில் ஆழமான பள்ளங்கள் விழுந்தன. தாழ்விடங்களில் வேலிகளும் சாலைகளும் வண்டலில் புதைந்தன.

ஹியூ ஹாமண்ட் பென்னட் (1881–1960) மண் ஆய்வாளராக நாடெங்கும் சுற்றியவர். பள்ளம் விழுவது எவர் கண்ணுக்கும் தெரியும். மேல்மண் ஆண்டுதோறும் மெல்லிய ஏடாகக் கழுவப்படுவது உழுபவருக்கே தெரிவதில்லை என்பதை அவர் இடைவிடாது எடுத்துரைத்தார். 1933-இல் அமைக்கப்பட்ட மண் அரிப்புத் தடுப்புப் பணித்துறையின் தலைவரானதும், ஏறத்தாழ 90,000 ஏக்கர் பரப்புள்ள கூன் பள்ளத்தாக்கை முதல் செயல்விளக்கக் களமாகத் தேர்ந்தெடுத்தார். விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்டோ லியோபோல்டு ஆலோசகராக இருந்தார்.

தொழில்நுட்பம் எளியதே. சரிவுக்குக் குறுக்காக, ஒரே உயரத்தில் வளைந்து செல்லும் பட்டைகளாக வயல் பிரிக்கப்பட்டது. ஒரு பட்டையில் மக்காச்சோளம். அடுத்ததில் குதிரைமசால் போன்ற அடர்ந்த தீவனப் பயிர். சோளப் பட்டையில் வேகமெடுக்கும் நீர் தீவனப் பட்டையில் தடைபட்டு, சுமந்து வந்த மண்ணை அங்கேயே இறக்கிவிடும். கடினமானது உழவர்களை இணங்க வைப்பதே. நேர்கோட்டு உழவு நல்ல உழவனுக்கு அடையாளமாகக் கருதப்பட்ட காலம் அது. மேட்டு நிலத்தார் மறுத்தால் தாழ்நிலத்தார் செய்யும் வேலை வீண். எனவே ஐந்தாண்டு ஒப்பந்தம் வகுக்கப்பட்டது. உழவர் திட்டப்படி பயிரிட்டு, செங்குத்துச் சரிவில் மேய்ச்சலை நிறுத்த வேண்டும்; அரசு விதை, சுண்ணாம்பு, வேலிக்கம்பி ஆகியவற்றுடன், வேலையற்ற இளைஞர்களுக்கான முகாம்களிலிருந்து ஆள்களையும் கொடுக்கும். 400-க்கும் மேற்பட்ட உழவர்கள் கையெழுத்திட்டனர்.

1935 ஏப்ரலில் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, பென்னட்டின் துறை நிரந்தரமாயிற்று. 1937 முதல் உழவர்களே நடத்தும் மண் பாதுகாப்பு மாவட்டங்கள் தோன்றின.

கூன் ஓடையின் வண்டலைப் பல ஆண்டுகள் அளந்த ஸ்டான்லி டிரிம்பிள், 1975–1993 காலத்தில் பள்ளத்தாக்கில் வண்டல் படிந்த வேகம் 1930-களில் இருந்ததில் சுமார் 6 விழுக்காடே என்று 1999-இல் வெளியிட்டார். ஆயினும் 2018 ஆகஸ்டில் பெய்த பெருமழையில், பிற்காலத்தில் கட்டப்பட்ட வெள்ளத்தடுப்பு அணைகளில் மூன்று இங்கு உடைந்தன. இப்பகுதியில் பால்பண்ணைகள் குறைந்து வருவதால் தீவனப் பயிரின் தேவையும் குறைந்து, அந்நிலங்கள் சோளத்துக்கும் சோயாவுக்கும் மாறி வருகின்றன.