திண்ணைக் கணக்கிலிருந்து எண்ணும் எழுத்தும் வரை

பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்த காலத்தில், தமிழகத்தின் மற்ற ஊர்களைப் போலவே, கணக்குப் பாடம் திண்ணைப் பள்ளியில் நடந்தது. அங்கு நோக்கம், பயிற்சி, சோதனை மூன்றும் ஒன்றாகவே இருந்தன. நெல் அளக்கவும் நிலத்தின் குழி காணவும் தெரிய வேண்டும். அதற்காகவே நெல்லிலக்கமும் குழிமாற்றும் மனப்பாடமாயின. 1/320 ஆகிய முந்திரி முதலான பின்னங்களையும் பிள்ளைகள் ஒப்பித்தார்கள். பிழையை மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை அங்கேயே பிடித்தான். குறுகிய கல்விதான், ஆனால் சிதறாத கல்வி.

இந்தப் பிணைப்பை அறுத்தது ஆங்கில அரசின் மானிய முறை. 1860களிலிருந்து தேர்ச்சியைப் பார்த்துப் பணம் தரப்பட்டதால், ஆய்வாளரின் தேர்வே பாடத்தின் இலக்காகிப்போனது.

பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது. அதிலிருந்து ஒருமுறை பிரிந்த அரியலூர் இடையில் மீண்டும் அதனுடன் சேர்ந்து, 2007இல் நிலையாகப் பிரிந்தது. அதே ஆண்டில் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் ஏணிப்படியும் அட்டைகளும் வந்தன. மதிப்பீடும் அந்த ஏணியிலேயே ஒரு படி; அறுந்த பிணைப்பு மீண்டும் ஒட்டத் தொடங்கியது. 2012இல் முப்பருவ முறையுடன் தொடர் மதிப்பீடு சேர்ந்தது. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, குழந்தை நிற்கும் இடத்திலிருந்தே கணக்கைத் தொடங்குகிறது.