கூறியது கூறல்

நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்களுள் கூறியது கூறலும் ஒன்று என்பதை நம் வட்டத்தார் நன்கறிவர். அக்குற்றமே உயிர்காக்கும் குணமாக விளங்கும் துறை ஒன்று உண்டு. அமெரிக்க இருப்புப்பாதை வரலாற்றின் வழி அதனைக் காண்போம்.

ஒற்றைத் தடத்தில் எதிரெதிராக வரும் வண்டிகளை மோதாமல் செலுத்துவது எங்ஙனம்? தொடக்கத்தில் கால அட்டவணையும் கடிகாரமுமே துணை. எதிர்வண்டி தாமதித்தால் இவ்வண்டியும் காத்துக் கிடக்கும். 1851-இல் ஈரி இருப்புப்பாதையின் கண்காணிப்பாளர் சார்லஸ் மைனாட், எதிர்வண்டியை முன்னுள்ள நிலையத்திலேயே நிறுத்தும்படி தந்தி கொடுத்துவிட்டுத் தம் வண்டியைப் புறப்படப் பணித்தார். கண்காணா ஒருவரின் சொல்லை நம்ப ஓட்டுநர் மறுத்துவிட்டார். மைனாட்டே வண்டியைச் செலுத்த, ஓட்டுநர் அஞ்சிக் கடைசிப் பெட்டியில் அமர்ந்துகொண்டார் என்பர்.

1872-இல் வில்லியம் ராபின்சன் கண்ட தடமின்சுற்று, தடத்தையே பேச வைத்தது. தண்டவாளத்தில் மெல்லிய மின்னோட்டம் செல்லும். வண்டியின் சக்கரங்கள் அதனை இடைமறித்தால் சிவப்பு ஒளிரும். தண்டவாளம் முறிந்தாலும், தடமாற்றி திறந்து கிடந்தாலும் சிவப்பே தோன்றும்வண்ணம் அமைத்தனர்.

ஆயினும் போக்குவரத்துக் குறைந்த பல தடங்களில் கைகாட்டி இல்லை. இருப்புப்பாதையார் அவற்றை ‘இருண்ட பகுதி’ என வழங்குவர். அங்கே கட்டுப்பாட்டாளர் வானொலி வழி ஆணையை ஓதுவார். வண்டியினர் அதனை எழுதிக்கொண்டு சொல் பிசகாமல் திரும்பக் கூறுவர். கூறியது சரியென அவர் ஏற்ற பின்னரே ஆணை செல்லும்.

ஆனால் சொல்லுக்கு எட்டாத மறதியும் உண்டு. 2005 சனவரியில், தென் கரோலினாவின் கிரானிட்வில் என்னும் ஆலையூரில், வண்டியொன்றைப் பக்கத்தடத்தில் நிறுத்திச் சென்றவர்கள் தடமாற்றியை மீண்டும் திருப்பிவைக்க மறந்தனர். விடியுமுன் வந்த சரக்கு வண்டி, எச்சரிக்கும் விளக்கு இன்மையால் பக்கத்தடத்தில் பாய்ந்து, நின்ற வண்டியில் மோதியது. குளோரின் வாயு கசிந்து ஒன்பதின்மர் மாண்டனர். ஐயாயிரத்திற்கும் மேற்பட்டோர் வீடு துறந்தனர். அங்கு ஒரு சிவப்பு விளக்கு இருந்திருப்பின் அவ்விரவு வேறாக முடிந்திருக்கலாம்.

எனின், விளக்கு மட்டும் போதுமா? 2008-இல் கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் சிவப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்த ஓட்டுநர் அதனைக் கடந்துசென்றார். 25 உயிர்கள் மடிந்தன. பயணியர் வண்டிகள் செல்லும் தடங்களிலும், நச்சுவாயு ஏற்றிச்செல்லும் முதன்மைத் தடங்களிலும் தானே நிறுத்தும் கருவியை அவ்வாண்டிலேயே சட்டம் கட்டாயமாக்கியது. 2020 இறுதியில் அப்பணி நிறைவுற்றது.

விளக்கு காட்டும், காண்பவன் விழித்திருக்க வேண்டும். சொல் ஆணையிடும், கேட்டவன் கேட்டதைத் திரும்பக் கூற வேண்டும். பத்தாண்டுகளாக ஒருவர் பாடலை மற்றவர் கேட்டு வரும் நாம், அவ்வப்போது கேட்டதைத் திரும்பக் கூறிப் பார்ப்பது நன்று. பாடியவர் பொருளும் கேட்டவர் பொருளும் ஒன்றுதானா என்பது அப்பொழுதன்றோ விளங்கும்!